மாமாவின் எஃப்டியை உடைத்த ஃபார்வர்டு: அனுப்பியது நான்தான்



"சார், இது உண்மையா?" வாரத்துக்கு நாலஞ்சு பேராவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி இப்படிக் கேட்கறாங்க. ஏடிஎம்ல இந்த பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க, இந்த 500 ரூபாய் நோட்டை வாங்காதீங்க, அந்த வங்கியில இருந்து பணத்தை உடனே எடுங்க... எல்லாத்துக்கும் கடைசியில "உங்கள் அன்புக்குரியவர்களுக்கும் பகிருங்கள்". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதை விட, நான் எப்படிச் சரிபார்க்கறேன்னு ஒரே பதிவா எழுதிடலாம்னு தோணுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி, இதை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்லணும். கொஞ்சம் வெட்கமான கதை.

2019 அக்டோபர். அதுக்கு முந்தின மாசம் 23-ஆம் தேதிதான் பிஎம்சி வங்கி மேல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டிருந்தது. டெபாசிட் போட்டவங்க ஆறு மாசத்துக்கு மொத்தமே ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம்னு முதல்ல சொன்னாங்க. டிவியில வங்கி வாசல்ல அழுதுட்டு நின்ன வயசானவங்களைப் பார்த்தவங்களுக்கு அது மறந்திருக்காது. ரெண்டே நாள்ல, ஒன்பது வங்கிகளை மூடப்போறாங்கன்னு ஒரு ஃபார்வர்டு கிளம்பி, ரிசர்வ் வங்கியே அது பொய்னு மறுக்க வேண்டி வந்தது. எல்லாரும் பயந்து போயிருந்த நேரம்.

அப்பதான் ஒரு ஃபோட்டோ சுத்த ஆரம்பிச்சது. பெரிய தனியார் வங்கி ஒன்னோட பாஸ்புக். அதுல ஒரு முத்திரை: இந்த டெபாசிட்டுக்கு டிஐசிஜிசி காப்பீடு இருக்கு, வங்கி திவாலானா ஒரு லட்சம் ரூபாய் வரைதான் கிடைக்கும்ங்கற மாதிரி. மேல யாரோ எழுதியிருந்தாங்க: "வங்கிகள் இப்பவே கையை விரிக்க ஆரம்பிச்சாச்சு. ஒரு லட்சத்துக்கு மேல இருந்தா உடனே எடுத்துடுங்க."

நான் அப்ப சிஏ முடிச்சு சில வருஷம் ஆகியிருந்தது. டிஐசிஜிசி என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு லட்சம் வரம்பு இருக்கறதும் தெரியும். தெரிஞ்சதாலதான் தப்பு பண்ணேன். "ஆமா, ஒரு லட்சம்தானே, சரியாத்தான் போட்டிருக்கான்"னு நினைச்சு, "எதுக்கும் எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க"ன்னு ஒரு வரி சேர்த்து, ஃபேமிலி குரூப்ல தட்டி விட்டுட்டேன். லஞ்ச் டைம்ல பண்ணது. பத்து செகண்ட் கூட ஆகியிருக்காது.

அந்த குரூப்ல என் மாமா இருந்தார். ரிட்டயர் ஆன வாத்தியார். 2017 ஆகஸ்ட்ல ஆறு லட்சம் ரூபாயை மூணு வருஷ எஃப்டியா போட்டிருந்தார், 7.25 சதவீதம். மறுநாள் காலையில முதல் ஆளா வங்கிக்குப் போய் அதை உடைச்சுட்டார். எனக்கு ஃபோன் பண்ணவே இல்லை. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பார்த்தப்ப, "நீ சொன்னதும் எடுத்துட்டேன் மாப்ள"ன்னு பெருமையா சொன்னார். சோறு இறங்கலை எனக்கு.

கணக்கு போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. 26 மாசம் ஓடின எஃப்டி. உடைச்சதால ஒரு சதவீதம் பிடிச்சுட்டு 6.25 சதவீதத்துல வட்டி கொடுத்திருந்தாங்க. ஏறக்குறைய 14,800 ரூபாய் அங்கேயே போச்சு. அப்புறம் அந்தப் பணம் வேற ஒரு வங்கியோட சேமிப்புக் கணக்குல சில மாசம் தூங்குச்சு. வட்டி முன்னாடி வந்ததுல பாதி கூட இல்லை. திரும்ப எஃப்டி போடும்போது விகிதம் இறங்கியிருந்தது.

இதுல எனக்கு இன்னைக்கும் உறுத்தற விஷயம் எது தெரியுமா? அவர் பணத்தை மாத்தின வங்கியிலயும் காப்பீடு அதே ஒரு லட்சம்தான்! அந்த வரம்பு ஏதோ ஒரு வங்கி போட்டது இல்லை. 1993 மே மாசத்துல இருந்து எல்லா வங்கிக்கும் அதேதான். அதாவது 14,800 ரூபாய் செலவு பண்ணி அவர் வாங்கின கூடுதல் பாதுகாப்பு, பூஜ்யம்.

முத்திரை நிஜம், அர்த்தம் பொய்

அந்த வங்கி அப்புறம் விளக்கம் கொடுத்தது. காப்பீட்டு விவரத்தை பாஸ்புக்குல தெளிவா போடணும்னு ரிசர்வ் வங்கி 2017 ஜூன் மாசமே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது, அதன்படிதான் முத்திரை குத்தினோம்னு. அவ்வளவுதான் விஷயம். ஃபோட்டோ போலி இல்லை. முத்திரையில இருந்த வாசகமும் தப்பு இல்லை. ரெண்டு வருஷம் பழைய ஒரு நடைமுறையை எடுத்து, "இப்பவே கையை விரிக்கறாங்க"ன்னு மேல ஒட்டின அந்த ஒரு வரிதான் பொய்.

நம்மள்ல நிறைய பேர் பொய் ஃபார்வர்டுன்னா போட்டோஷாப், எழுத்துப் பிழை, பத்து ஆச்சரியக்குறின்னு நினைக்கறோம். அந்த மாதிரி வந்தா யார் வேணா கண்டுபிடிச்சுடலாம். மாட்டிக்கறது இந்த வகையிலதான்: ஆதாரம் நிஜமா இருக்கும், அதுல இருந்து "ஆகவே நீ இதைச் செய்"ங்கற தாவல் மட்டும் பொய்யா இருக்கும். அதனால இப்பல்லாம் எந்த எச்சரிக்கை வந்தாலும் நான் முதல்ல தேடறது அதோட வினைச்சொல்லைத்தான். என்ன செய்யச் சொல்லுது? எடு, அழுத்து, வாங்காதே, கூப்பிடு, டவுன்லோட் பண்ணு. அந்தச் செயலைச் செஞ்சா எனக்கு என்ன செலவு ஆகும்? செலவு அதிகம்னா, சரிபார்க்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆர்ட்டிகிள்ஷிப் முதல் வருஷம். ஒரு கம்பெனி ஆடிட்டுக்குப் போனப்ப, வங்கியில எவ்வளவு பேலன்ஸ் இருக்குன்னு உறுதிப்படுத்தற கடிதத்தை அந்தக் கம்பெனி அக்கவுண்டன்டே நீட்டா ஃபைல் போட்டுக் கொடுத்தார். வங்கி லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. சந்தோஷமா சீனியர்கிட்ட கொண்டு போனேன். அவர் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. "இதை உனக்கு யார் கொடுத்தா?"ன்னு மட்டும் கேட்டார். வங்கிக்கு நாம கேட்டு எழுதணும், வங்கி நமக்கு நேரா பதில் அனுப்பணும், நடுவுல கம்பெனி கை படக்கூடாது. எஸ்ஏ 505-னு எங்க தணிக்கைத் தரத்துலயே இது இருக்கு. கடிதம் பார்க்க எவ்வளவு அழகா இருக்குங்கறது கேள்வியே இல்லை. அது எந்த வழியா வந்ததுங்கறதுதான் கேள்வி.

ஃபார்வர்டுக்கும் அதேதான். அந்த மெசேஜ்ல இருக்கற லிங்க், அதுல இருக்கற நம்பர், அதுல இருக்கற "ஆர்பிஐ அறிவிப்பு" பிடிஎஃப் இது எதையும் வெச்சு அந்த மெசேஜை சோதிக்க முடியாது. அக்கவுண்டன்ட் கொடுத்த கடிதத்தை அக்கவுண்டன்ட்கிட்டயே உண்மையான்னு கேட்கற மாதிரி ஆயிடும். நாம வேற வாசல் வழியா உள்ள போகணும்.

அஞ்சு நிமிஷ வேலை

எந்த வாசல்? மெசேஜ்ல சொல்ற விஷயம் நிஜம்னா, அதை வேற யார் கட்டாயம் வெளியிட்டிருப்பாங்கன்னு யோசிங்க. நோட்டு, நாணயம், வங்கி மூடல் எல்லாம் ரிசர்வ் வங்கியோட பத்திரிகைச் செய்திகள் பக்கத்துல தேதியோட இருக்கும். மத்திய அரசு சம்பந்தப்பட்டதுன்னா பிஐபி ஃபேக்ட் செக் இருக்கு. 8799711259-ங்கற அவங்க வாட்ஸ்அப் நம்பருக்கு நீங்களே மெசேஜை அனுப்பிக் கேட்கலாம். தமிழக அரசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு மாநில அரசோட தகவல் சரிபார்ப்பகம் இருக்கு. உங்க வங்கி பத்தினதுன்னா, டெபிட் கார்டைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி நம்பர் இருக்கும். கூகுள்ல "கஸ்டமர் கேர் நம்பர்"னு தேடாதீங்க, அங்கே மோசடிக்காரங்க போட்டு வெச்ச நம்பர்களும் வந்து நிக்கும். வங்கியோட இணையதளத்துக்குப் போறீங்கன்னா, முகவரி டாட் பேங்க் டாட் இன்-னு முடியுதான்னு பாருங்க. 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா வங்கிகளும் அந்த முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது.

வாட்ஸ்அப்பே ஒரு சின்னத் துப்பு கொடுக்கும். ஒரு மெசேஜ் அஞ்சு கை மாறி வந்திருந்தா ரெட்டை அம்புக்குறி போட்டு "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது"ன்னு காட்டும். அது பொய்ங்கறதுக்கு ஆதாரம் இல்லை. ஆனா "என் ஃப்ரெண்டோட அண்ணன் வங்கியில இருக்கார், அவர் சொன்னது"ன்னு ஆரம்பிக்கற மெசேஜ்ல ரெட்டை அம்புக்குறி இருந்தா, அந்த அண்ணன் யாரோட அண்ணன்னு கேட்டுப் பாருங்க.

சில சமயம் எங்கேயும் போக வேண்டாம், உக்காந்து யோசிச்சாலே போதும். உதாரணம், எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஏடிஎம் மெசேஜ். திருடன் மிரட்டினா பின் நம்பரைத் தலைகீழா போடுங்க, பணமும் வரும், போலீஸுக்கும் தகவல் போயிடும்னு. 1234-க்கு 4321. சரி, என் பின் 2002 அல்லது 1221-னா? தலைகீழா போட்டாலும் அதேதானே! நான் ஒவ்வொரு தடவை பணம் எடுக்கும்போதும் போலீஸ் ஜீப் வருமா? இந்த யோசனைக்கு அமெரிக்காவுல ஒருத்தர் 1990-கள்லயே காப்புரிமை வாங்கியிருக்கார், அது உண்மை. அங்கே சட்டம் போட்டு இதை ஆராயச் சொல்லி, 2010-ல அறிக்கையும் வந்தது. அப்பவும் எந்த ஏடிஎம்லயும் அது நடைமுறையில இல்லை. இதுலயும் பாருங்க, ஒரு துளி நிஜம், மேல பெரிய பொய். சிரிச்சுட்டுப் போகலாம்னு தோணும். ஆனா கழுத்துல கத்தி இருக்கும்போது இதை நம்பி ஒருத்தர் தப்பான பின்னைப் போட்டா, போலீஸ் வராது. எதிர்ல நிக்கறவனுக்குக் கோபம்தான் வரும்.

ரெண்டு தடவை கேன்சல் அழுத்தினா பின் திருடு போகாதுங்கறதும் பொய்தான், பிஐபி மறுத்தாச்சு. நோட்டு நம்பர் நடுவுல நட்சத்திரம் இருந்தா கள்ளநோட்டுங்கறதும் பொய். அச்சுல கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலா வைக்கற நோட்டுல நட்சத்திரம் போடுவாங்க, மத்த நோட்டு மாதிரியே அதுவும் செல்லும்னு 2023 ஜூலையில ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு.

பத்து ரூபாய் நாணயம் கதை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா என்ன! ரூபாய் குறியீடு இல்லாதது போலின்னு ஒரு மெசேஜ், கோடு எண்ணிக்கை மாறினா போலின்னு இன்னொன்னு. குறியீடே 2011-ல தான் நாணயத்துல வந்தது, அதுக்கு முன்னாடி அடிச்சதுல எப்படி இருக்கும்? 2016-லயும் 2018 ஜனவரியிலயும் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. அப்ப புழக்கத்துல இருந்த 14 வடிவமும் செல்லும்னு. அப்புறமும் பல வருஷம் பஸ்லயும் பெட்டிக்கடையிலயும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. சில்லறை வியாபாரம் பண்றவங்க எத்தனை பேர் டப்பா டப்பாவா நாணயத்தை வெச்சுக்கிட்டு முழிச்சாங்கன்னு யோசிங்க. அந்த மெசேஜை அனுப்பினவங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை.

நஷ்டம் பணத்தோட நிக்கும்னும் சொல்ல முடியாது. 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல, குலதெய்வம் கோயிலுக்கு சென்னையில இருந்து வந்த 65 வயசு அம்மா ஒருத்தங்க, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு அப்ப ஊரெல்லாம் வாட்ஸ்அப்ல ஓடிக்கிட்டு இருந்தது. கூட்டமா சேர்ந்து அடிச்சே கொன்னுட்டாங்க. அந்த எச்சரிக்கையை அனுப்பினவங்கள்ல யாரும் கெட்டது நினைச்சு அனுப்பியிருக்க மாட்டாங்க. "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க"ன்னு நான் எழுதின அதே வரியைத்தான் அவங்களும் எழுதியிருப்பாங்க. அந்த வருஷம் ஜூலையிலதான் இந்தியாவுல ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

எல்லாமே பொய்னு ஒதுக்கினாலும் ஆபத்துதான்

இதையெல்லாம் படிச்சுட்டு, "இனிமே எந்த எச்சரிக்கையையும் நம்ப மாட்டேன்"னு முடிவு பண்ணிடாதீங்க. *401*-னு ஆரம்பிச்சு ஒரு நம்பரை டயல் பண்ணச் சொன்னா பண்ணாதீங்கன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கும். கேட்டா ஏடிஎம் தலைகீழ் பின் மாதிரியே இருக்கும். ஆனா அது நிஜம். அப்படி டயல் பண்ணா உங்க அழைப்பெல்லாம் அவங்க நம்பருக்குத் திரும்பிடும், குரல் வழியா வர்ற ஓடிபி உட்பட. தொலைத்தொடர்புத் துறையே எச்சரிச்சு, 2024 ஏப்ரல் 15-ல இருந்து அந்த டயல் பண்ற வசதியையே நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. "டிஜிட்டல் அரெஸ்ட்"னு வீடியோ காலில் மிரட்டுவாங்கங்கறதும் நிஜமான எச்சரிக்கைதான். நம்ம சட்டத்துல அப்படி ஒரு கைதே கிடையாது.

மூணாவதா ஒரு வகை இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச, அதாவது ரொம்ப பயமுறுத்தற வகை: ஒரு காலத்துல உண்மையா இருந்தது. ஆன்லைன்ல பணம் போயிட்டா உடனே 155260-க்குக் கூப்பிடுங்கன்னு ஒரு மெசேஜ். 2021-ல அந்த உதவி எண் வந்தப்ப அது நூத்துக்கு நூறு சரி. அப்புறம் நம்பரை 1930-ன்னு மாத்திட்டாங்க. தேதி போடாத மெசேஜ் மட்டும் இன்னும் பழைய நம்பரோட சுத்தும். பணம் போன முதல் ஒரு மணி நேரம்தான் அது கைமாறறதுக்கு முன்னாடி முடக்கறதுக்கு நல்ல வாய்ப்புள்ள நேரம். அந்த நேரத்துல ஒருத்தர் பழைய நம்பரைத் தேடிக்கிட்டு இருந்தா? இப்பவே உங்க ஃபோன்ல, அம்மா அப்பா ஃபோன்லயும், 1930-ஐ சேவ் பண்ணி வைங்க.

மாமா பாஸ்புக் விஷயமும் இப்ப இந்த வகைக்கு மாறிடுச்சு. 2020 பிப்ரவரி 4-ல இருந்து காப்பீடு அஞ்சு லட்சம். ஒரு நபருக்கு, ஒரு வங்கியில, எல்லாக் கிளையும் சேர்த்து, அசலும் வட்டியும் உட்பட. பழைய ஒரு லட்சம் முத்திரை ஃபோட்டோ உங்களுக்கு எப்பவாவது வந்தா, அது எந்த வருஷத்து முத்திரைன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

எச்சரிக்கை வேஷம் போட்டு வர்ற தூண்டில்களைப் பத்தி நீட்டி எழுதத் தேவையில்லை. "பான் அப்டேட் பண்ணலைன்னா இன்னைக்கு ராத்திரி உங்க கணக்கு முடங்கும்"னு சொல்லி லிங்க்கோ ஏபிகே ஃபைலோ வந்தா, அதை சரிபார்க்கக்கூட வேண்டாம். எந்த வங்கியும் ஏபிகே அனுப்பாது. டெலிட்.

ஆபீஸ் குரூப்ல யாராவது பொய்யானதைப் போட்டா என்ன பண்றது? எல்லார் முன்னாடியும் "ஃபேக் நியூஸ் போடாதீங்க"ன்னு சொன்னா, மேனேஜரா இருந்தா உங்களுக்குக் கஷ்டம், ஜூனியரா இருந்தா அவருக்குக் கஷ்டம். நான் தனியா மெசேஜ் பண்ணி, ரிசர்வ் வங்கி அறிவிப்போட லிங்க்கை மட்டும் கொடுப்பேன், "நீங்களே குரூப்ல போட்டுடுங்க"ன்னு. பெரும்பாலும் போட்டுடுவாங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட அதுவும் சரிப்படாது, ஃபோன்தான் பண்ணணும். தப்பு நம்மளோடதுன்னா "டெலிட் ஃபார் எவ்ரிஒன்" பண்ணிட்டு நழுவறது போதாது. படிச்சவங்க ஏற்கனவே படிச்சாச்சு. அதே குரூப்ல, "நான் நேத்து போட்டது தப்பு, சரியானது இது"ன்னு எழுதணும்.

நான் அதை எழுதறதுக்கு ரெண்டு வாரமும் ஒரு கல்யாணமும் ஆச்சு. மூணு வரிதான். காப்பீடு எல்லா வங்கிக்கும் ஒரே மாதிரி, முத்திரை 2017 சுற்றறிக்கைப்படி, நான் போட்டதால யாராவது எஃப்டியை உடைச்சிருந்தா மன்னிச்சுடுங்க. யாரும் எதுவும் சொல்லலை. அத்தை மட்டும் ஒரு தம்ஸ் அப் போட்டாங்க. சாயங்காலம் மாமா கூப்பிட்டார். "சரி விடு மாப்ள. ஆனா நீ சிஏங்கறதாலதான் நான் வேற யாரையும் கேட்கலை"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த தீபாவளிக்கு அவருக்கு 14,800 ரூபாய் அனுப்பிப் பார்த்தேன், மறுநாளே திருப்பி அனுப்பிட்டார்.

சீனியர் கதையை ஒருநாள் அவர்கிட்ட சொல்லியிருந்தேன். அதுல இருந்து எந்த ஃபார்வர்டு வந்தாலும் குரூப்ல போடறது இல்லை, எனக்கு மட்டும் அனுப்பி, கீழே "யார் கொடுத்தா?"ன்னு ஒரு வரி எழுதுவார். நேத்து ராத்திரி ஒன்னு வந்திருக்கு, லாக்கர் சாவி சம்பந்தமா. இந்தப் பதிவை முடிச்சுட்டு அதைத்தான் பார்க்கணும்.